இரட்டைப் பிள்ளையின் பூனை

வெள்ளிக்கிழமை காலையில் ஊர் ஆம்பளைகள் நிதானமாக எழுந்து, குளித்து, தொழுகைக்குப் போக வெள்ளை அங்கியை உதறிக்கொண்டிருப்பார்கள். ரஸ்லான் மட்டும் மண்டி போட்டுப் பூனைக் கூண்டு கழுவிக்கொண்டிருப்பான். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டில் மண்டி போட்டு டைல்ஸ் பதிக்கிறவன். முட்டி இரண்டும் காய்த்து ஒட்டகத்தின் முட்டி மாதிரி ஆகிவிட்டன. ஓய்வு நாளிலும் அதே முட்டியை ஊன்றுகிறானே என்பதுதான் அவன் மனைவி ஃபவ்ஸிய்யாவின் குறை.

"ஊரான் வீட்டுத் தரை பத்தலைன்னு பூனை வீட்டுத் தரைக்கும் போயிட்டாரு எங்க உஸ்தா" என்று ரொட்டி சுடும் இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கைவேலைக்காரனான அவனை ஊரே உஸ்தா என்றுதான் கூப்பிடும். அவள் வாயில் மட்டும் அது கிண்டல். ஆனால் காப்பகத்திலிருந்து அவன் தத்தெடுத்து வந்த பூனைகள், ஒன்றுக்கு மூன்று கால், இன்னொன்றுக்கு ஒரு கண், அவள் மடியை விட்டு இறங்குவதில்லை.

காப்பகம் நைல் நதியின் மேற்குக் கரையில், லக்ஸர் நகரத்துக்கு எதிர்ப்புறம், ஒரு பேரீச்சந்தோப்புக்குள் இருந்தது. தோப்பு தவ்ஹீதா டீச்சருடையது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்றதும், பிள்ளைகளை அதட்டிய அதே குரலில் பூனைகளை அதட்ட ஆரம்பித்தவர். அங்கே ஆபரேஷன் அறைக்குத் தரை போடத்தான் ரஸ்லான் முதலில் போனான். பூச்சு காய்வதற்குள் குட்டி ஒன்று அதன்மேல் நடந்து போய்விட்டது. திட்டிக்கொண்டே அதைத் தூக்கினான். தூக்கியதை இறக்க மனசு வரவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை அவனுக்குத் தோப்பில்தான்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் சந்துகளில் மீன் தலை போட்டுக் கூண்டு வைப்பான். விழுந்த பூனைகளைத் தோப்புக்குக் கொண்டுவருவான். மறுநாள் காலை டாக்டர் மக்தா நகரத்திலிருந்து படகில் வந்து கருத்தடை செய்வார். செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு. தெருவில் பிழைக்கத் தெரிந்தவை தெருவுக்கே திரும்பும். மனுஷ மடி தேடுகிறவை தத்துக்குப் போகும்.

கூண்டு வைக்குமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். இந்தச் சந்தில் இரட்டைப் பிள்ளைகள் உண்டா? அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. இரட்டைப் பிள்ளைகள் தூங்கினால் அவர்கள் உயிர் உடம்பை விட்டிறங்கி, ஒரு பூனைக்குள் புகுந்து ஊர் சுற்றும். பொழுது சாய்ந்தபின் பூனையை அடித்தால் பிள்ளை உடம்பில் தடிப்பு விழும். பூனையை அடைத்துப் போட்டால் பிள்ளை எழுந்திருக்காது. உயிர் திரும்பும்வரை அந்த உடம்பை எழுப்பவும் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. மாற்றினால் திரும்பி வருகிற உயிருக்கு வழி தப்பிவிடும். சுற்றுகிற பழக்கத்தை நிறுத்த ஒட்டகப் பால் கொடுப்பார்கள். டீச்சருக்கு இதில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரட்டை உண்டு என்றால் அந்தச் சந்தில் பகலில் மட்டுமே பிடிக்க வேண்டும், விளக்கு வைக்குமுன் விட்டுவிட வேண்டும் என்பார். ஊரைப் பகைத்துக்கொண்டு ஊர்ப் பூனையைக் காப்பாற்ற முடியுமா என்பது அவர் வாதம்.

அந்த வியாழக்கிழமையும் ரஸ்லான் கேட்டான். கரும்பு வெட்டும் ஹரீதியின் வீட்டு வாசலில் அவன் மனைவி நஜாத் நின்றிருந்தாள். கறுப்புத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. இரட்டை உண்டா என்றதும் அவள் உதடு எதற்கோ பிரிந்து, அப்படியே நின்றது. பிறகு இல்லை என்று தலையாட்டினாள். அவன் கூண்டை வைத்தான். மஞ்சள் வரிப்பூனை ஒன்று விழுந்தது.

மறுநாள் மேஜையில் முதலில் ஏறியது அந்த வரிப்பூனைதான். டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, வேலையை முடித்து, தையல் போட்டு, காது நுனியையும் வெட்டிவிட்டு அடுத்த பூனைக்குப் போய்விட்டார். ரஸ்லான் மஞ்சள் பூனையைத் துணி விரித்த கூடையில் ஒருக்களித்துக் கிடத்தி, மூச்சு அடைக்காமலிருக்க நாக்கை வெளியே இழுத்துவிட்டான். கண் திறந்தபடி கிடந்தது. அந்த மருந்துக்குப் பூனைகள் அப்படித்தான் தூங்கும்.

அப்போதுதான் ஹரீதி வந்தான். காலில் செருப்பில்லை. முள்வேலியைத் தாண்டி வந்திருக்கிறான். அங்கி கிழிந்து தொங்கியது. நேற்று பிடித்த மஞ்சள் பூனையை உடனே விடச் சொன்னான். ரஸ்லானுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"எம்புள்ள எந்திரிக்க மாட்டேங்குது, உஸ்தா" என்றான் ஹரீதி.

ரஸ்லான் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. உங்கள் வீட்டில் இரட்டை இல்லை என்றுதானே உன் மனைவி சொன்னாள் என்று கேட்டான்.

"ரெண்டு பொண்ணுங்க பொறந்துச்சு. ஸிஹாம் போன வருஷம் நோன்பு மாசத்துக் காய்ச்சல்ல போயிட்டா. மிச்சம் ரிஹாம் ஒருத்திதான். நீ வாசல்ல நின்னு கேட்டா அவ என்னன்னு சொல்லுவா? இரட்டைன்னா? ஒத்தைன்னா?"

ஹரீதியின் கண் அதற்குள் கூடையைக் கண்டுபிடித்துவிட்டது. விழித்த கண்ணும் தொங்கிய நாக்குமாகக் கிடந்த பூனையை அவன் குனிந்து பார்த்தான். காது நுனியில் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டான்.

"காதை வெட்டிட்டீங்களா?"

பிறகு தனக்குத்தானே பேசுகிறவன் போல, போய்ப் பிள்ளையின் காதைப் பார்க்க வேண்டும் என்றான். ரஸ்லானுக்கு முதுகுத்தண்டில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. அவனும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் மக்தா, ரத்தம் படிந்த கையுறையோடு வாசல்வரை வந்து நின்றார். பிள்ளை ரொம்பத் தண்ணீர் குடித்தாளா என்று கேட்டார். சட்டி சட்டியாகக் குடித்தாள் என்றான் ஹரீதி. படுக்கையை நனைத்தாளா? நனைத்தாள், கொஞ்ச நாளாகத்தான். இளைத்தாளா? எலும்பும் தோலுமாகிவிட்டாள். இதெல்லாம் கேட்பானேன், ராத்திரி முழுக்கப் பூனையாகத் திரிகிற பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா, சதை தங்குமா என்று அவனே காரணமும் சொன்னான். ஒட்டகப் பால் தினமும் வாங்கிக் கொடுத்தும் கேட்கவில்லையாம். மூச்சில் ஏதாவது வாடை உண்டா என்றார் டாக்டரம்மா. அழுகின பழ வாடை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது சக்கரை வியாதி. பூனைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. பூனை எந்திரிக்கட்டும்னு உக்காந்திருந்தா பொண்ணு மிஞ்ச மாட்டா."

சர்க்கரை கிழவன் கிழவிக்கு வருவது, பத்து வயசுகூட ஆகாத பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்றான் ஹரீதி. அவன் பார்வை கூடையை விட்டு நகரவில்லை. பூனை எப்போது விழிக்கும் என்று மட்டும் கேட்டான். மேஜையில் இன்னொரு பூனை வயிறு திறந்து கிடந்தது. டாக்டரம்மாவால் அதை விட்டு நகர முடியாது. அவர் ரஸ்லானைப் பார்த்தார். டீச்சர் ஆஸ்பத்திரிக்கு போன் போட ஓடினார். ரஸ்லான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஹரீதியின் கையைப் பிடித்து இழுத்தான். தோப்பு வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினார்கள். கூடையும் கூட வந்ததால்தான் ஹரீதி ஏறினான். அது ரஸ்லானுக்கு அப்போதே புரிந்தது.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மூச்சைக்கூடப் பலமாக விடவில்லை. நடுவில் பாயில் ரிஹாம் கிடந்தாள். அவள் மூச்சு மட்டும் வெகுதூரம் ஓடி வந்தவள் மூச்சைப் போல ஆழமாக, வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. பழ வாடை வாசல்வரை வந்தது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்த அந்த முகத்தைப் பார்த்த ரஸ்லான் முதலில் செய்த காரியத்தை நினைத்து அவனே பிற்பாடு வெட்கப்பட்டான். அவன் அவள் காதைத்தான் பார்த்தான். காது முழுசாக இருந்தது.

தூக்கலாம் என்று அவன் சொன்னதுதான் தாமதம், நஜாத் பாய்க்குக் குறுக்கே விழுந்தாள்.

"தொட்டீங்கன்னா கைய முறிச்சிருவேன். அவ திரும்பி வந்து பாக்கறப்ப உடம்பு இங்கதான் இருக்கணும். ஒருத்தியைக் குழியில வெச்சாச்சு. இவளையும் வழி தவற விடணுமா?"

டாக்டரம்மா சொன்னதை ரஸ்லான் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. மாட்டு டாக்டருக்கு மனுஷப் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும் என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஹரீதி கூடையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். காத்திருக்கப் போகிறான். பிள்ளையின் மூச்சு இன்னும் வேகமாக இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ரஸ்லானின் நெஞ்சும் சேர்ந்து இழுத்தது. மண்டியிட்டான். காய்த்த முட்டி தரையில் இடித்தது.

"தங்கச்சி, நானும் இரட்டையில ஒருத்தன்தான்" என்றான்.

நஜாத் தலையைத் தூக்கினாள்.

"எங்கூடப் பொறந்தவன் வஹ்தான், ஹுர்காதாவுல ஹோட்டல்ல வேலை பாக்குறான். வேணும்னா கேட்டுப் பாரு. நான் பூனையா சுத்தியிருக்கேன். ஒரு வருஷம் ரெண்டு வருஷமில்ல, மீசை முளைக்கிற வரைக்கும் சுத்தியிருக்கேன். உனக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. பூனைக்குள்ள இருக்கறப்ப வீடும் தெரியாது, வாசலும் தெரியாது. உடம்போட வாடை ஒண்ணுதான் தெரியும். உடம்பும் பூனையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா போதும். அது வீடா இருந்தா என்ன, ஆஸ்பத்திரியா இருந்தா என்ன? ஒரு தடவை எங்கப்பா தூங்கிட்டிருந்த என்னைத் தூக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. நான் பின்னாலேயே படகுல வந்து சேந்துட்டேன்."

நாக்கு தானாக ஓடியது. அது சின்ன வயசில் ஓடிப் பழகிய தடம். அத்தைமார்கள் காலையில் அவனையும் வஹ்தானையும் உட்காரவைத்து, ராத்திரி எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள். வஹ்தான் தூங்கினேன் என்பான். அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ரஸ்லான் ஊர்த்தலைவர் வீட்டு அடுக்களையில் மீன் தின்றதையும், மாவு மில் கூரையில் சண்டை போட்டதையும் சொல்வான். அவனுக்கு எள்ளு மிட்டாய். ஒரு நாள் ராத்திரிகூட அவன் பாயை விட்டு நகர்ந்ததில்லை.

நஜாத் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து வழி விட்டாள். ஹரீதி பிள்ளையைத் தூக்கினான். ரஸ்லான் கூடையைப் பிள்ளையின் நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டே ஓடினான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவை மூடினார்கள். பூனையை உள்ளே விட முடியாது என்றாள் நர்ஸ். நஜாத் அழுத அழுகையில், கதவுக்கு வெளியே பெஞ்சுக்கடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, நர்ஸ் பார்க்காத மாதிரி போய்விட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் பூனை, அந்தப் பக்கம் பிள்ளை. நஜாத் சுவரில் கை வைத்தபடி நின்றாள்.

ரஸ்லான் கூடைப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தான். வெளியே எங்கோ தொழுகை முடிந்து ஜனங்கள் கலையும் சத்தம் கேட்டது. கூடைக்குள் முதலில் வால் நுனி துடித்தது. பிறகு முன்னங்கால். பூனை தலையைத் தூக்கி, தள்ளாடி, மறுபடி தூக்கி, அவனை நேராகப் பார்த்தது. அந்த ஒரு நொடியில் ரஸ்லான் என்ன செய்தான் தெரியுமா? அதன் கண்ணுக்குள் பிள்ளையைத் தேடினான். இவ்வளவு நேரம் வாய் நிறையப் பொய் சொன்னவன், அந்தப் பொய்யின் வாசலில் தானே போய் நின்று எட்டிப் பார்த்தான்.

பூனை பெரிதாகக் கத்தியது. நஜாத் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளிருந்து சத்தம் வரவில்லை. அவள் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"உஸ்தா, பூனை முழிச்சிருச்சு. எம்பொண்ணு எங்க?"

அவன் வாயைத் திறந்தான். எள்ளு மிட்டாய் காலத்திலிருந்து ஒரு நாளும் கைவிடாத நாக்கு அன்று கைவிட்டது. ஹரீதி எழுந்து வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிக்கவில்லை. பிடித்தபடியே நின்றான், விட்டால் விழுந்துவிடுவான் போல. அந்நேரம் உள்ளேயிருந்து டாக்டர் வெளியே வந்தார். சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை கழுவியிருக்க வேண்டியதுதான், மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, நாளை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார். நஜாத் அவர் சொன்னதில் ஒன்றையும் கேட்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூனையிடம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே போ, உள்ளே போ என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ரிஹாம் கண்ணைத் திறந்தாள்.

ரஸ்லான் வேலைக்குப் போகாமல் அங்கேதான் இருந்தான். அவனையும் உள்ளே விட்டார்கள். பிள்ளை தலையணையில் இன்னொரு தலையணை மாதிரி வெளுத்துக் கிடந்தாள். கையில் குழாய். நஜாத் அவள் நெற்றியோடு நெற்றி வைத்துக் கேட்டாள்.

"எங்கடி போயிருந்த? அவளைப் பாத்தியா?"

எவளை என்று ஹரீதி கேட்டான். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணை, வாயை, மறுபடி கண்ணை. ரஸ்லானுக்கு அந்தப் பார்வை தெரியும். அத்தைமார் முன்னால் உட்கார்ந்து, எதைச் சொன்னால் மிட்டாய் வரும் என்று அளந்த பார்வை அது.

"பாத்தேம்மா. ஸிஹாம் கூரை மேல இருந்தா. உன்னை அழ வேணாம்னு சொன்னா" என்றாள் ரிஹாம்.

சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய பிள்ளை வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு அது. ரஸ்லான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

நஜாத் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. செத்துப்போன மகளும் பூனையாகத் திரிகிறாள், இருக்கிற மகள் ராத்திரி போய் அவளைச் சந்திக்கிறாள், காலையில் வந்து சேதி சொல்கிறாள். மாசக்கணக்கில் நஜாத் அந்தச் சேதியில்தான் உயிர் வைத்திருந்தாள். நீ வாங்கி வந்த ஒட்டகப் பாலைத் தினமும் சாக்கடையில் ஊற்றினேன் என்று ஹரீதியிடம் சொன்னாள். ஹரீதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வேளை பார்த்து நர்ஸ் வந்து, வீட்டில் எப்படி ஊசி போடுவது என்று காட்ட ஆரம்பித்தாள். இனி தினமும் போட வேண்டும், ஒரு நாளும் தப்பக் கூடாது, ஆயுசுக்கும் என்றாள். நஜாத் பிள்ளையின் கையைப் போர்வைக்குள் இழுத்து மூடினாள்.

"ஊசி எதுக்கு? உசுரு வந்திருச்சு. சீக்குன்னா ஊசி போடலாம். இவ வெளிய போயிருந்தா, வந்துட்டா, அவ்வளவுதான். உஸ்தாவையே கேளுங்க. அவர் போயிட்டு வந்தவரு."

ஹரீதி ரஸ்லானைப் பார்த்தான். நர்ஸும் பார்த்தாள். நேற்று பிள்ளையைத் தூக்கி வந்த பொய், இன்று பிள்ளையின் கழுத்தில் கயிறாக விழுந்து கிடந்தது. அதன் மறுமுனை தன் வாயில்தான் இருக்கிறது என்பது ரஸ்லானுக்கு உறைத்தது.

"நான் எங்கயும் போனதில்ல, தங்கச்சி" என்றான். "சின்னதுல அத்தைங்க எள்ளு மிட்டாய் தருவாங்கன்னு கதை சொன்னேன். நேத்து நீ வழி விடணும்னு சொன்னேன். ரெண்டும் பொய்."

ஹரீதி எழுந்து வந்தான். அறைவான் என்றுதான் ரஸ்லான் நினைத்தான். முகத்தை விலக்கிக்கொள்ளவும் இல்லை. ஹரீதி அவனைத் தாண்டிப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நீ போகல. எம்பொண்ணு போனா" என்றாள் நஜாத். பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "சொல்லு இவருக்கு."

பிள்ளை ரஸ்லானைப் பார்த்தாள். மிட்டாய் கதையைக் கேட்டுவிட்டாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. தன்னை மாதிரியே ஒரு ஆள், அதுவும் மீசை வைத்த பெரிய ஆள், எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டு இன்னும் நிற்கிறாரே என்ற ஆச்சரியமோ என்னவோ.

"நான் தூங்கவே மாட்டேம்மா" என்றாள் கடைசியில். "தாகமா இருக்கும். எந்திரிச்சா நீ பயந்துக்குவேன்னு கண்ணை மூடிட்டே கெடப்பேன். காலையில ஸிஹாமைப் பாத்தேன்னு சொன்னா நீ அழ மாட்டே. அதான் சொன்னேன்."

நஜாத்தின் கை பிள்ளையின் தாடையில் அப்படியே இருந்தது. பிடியும் இல்லை, விடுதலும் இல்லை. பக்கத்துப் பாயில் ராத்திரி ராத்திரியாகப் பிள்ளை நாக்கு வறண்டு விழித்துக் கிடந்திருக்கிறாள். உயிர் உலாவப் போயிருக்கிறது, எழுப்பக் கூடாது என்று இவள் பக்கத்திலேயே மூச்சடக்கிப் படுத்திருந்திருக்கிறாள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குடம். இந்த நினைப்பு நஜாத்துக்குள் இறங்குவதை ரஸ்லானால் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தான்.

அழுகை வந்தது. அது இதுவரை அவள் அழுத அழுகை இல்லை. ஸிஹாம், ஸிஹாம் என்று செத்தவள் பெயரைச் சொல்லி, அடக்கம் செய்து அன்றுதான் திரும்பியவளைப் போல அழுதாள். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்து நின்றாள். அழுது ஓய்ந்தபின் நஜாத் போர்வையை விலக்கி, பிள்ளையின் கையை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

எங்கே குத்த வேண்டும் என்று கேட்டாள்.

பெருநாள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் மூவரும் தோப்புக்கு வந்தார்கள். ரஸ்லான் கூண்டு கழுவிக்கொண்டிருந்தான். ஹரீதி அவனோடு பேசவில்லை. ஆனால் கொண்டுவந்த கரும்புக் கட்டை அவன் பக்கத்தில் இறக்கி வைத்தான். காப்பகத்திலேயே தங்கிவிட்ட மஞ்சள் பூனையைத் தத்துக் கேட்டு வந்திருந்தார்கள். ரிஹாம் அதற்குள் அதைத் தோளில் போட்டுக்கொண்டுவிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

தவ்ஹீதா டீச்சர் தத்தெடுக்க வருகிற எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னார். வேளைக்குச் சோறு வைக்க வேண்டும், அடிக்கக் கூடாது, ராத்திரி வெளியே விடாமல் கதவைச் சாத்தி உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியைச் சொல்லி முடித்தபிறகுதான் யாரிடம் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. ரஸ்லானின் கை கூண்டுக் கம்பியில் நின்றுவிட்டது. இரட்டைப் பிள்ளை இருக்கிற வீட்டில் ராத்திரி பூனையை அடைத்து வைக்கச் சொன்னால், அந்த ஊரில் வேறு எந்தத் தாயாக இருந்தாலும் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பாள்.

நஜாத்தின் விரல்கள் கறுப்புத் துணியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தன. அவள் மகளைப் பார்த்தாள், மகளின் தோளில் கண் மூடிக் கிடந்த பூனையைப் பார்த்தாள்.

"எப்ப சாத்தணும், டீச்சர்? விளக்கு வெச்சதுமா, படுக்கறப்பவா?"

டீச்சர் ரிஹாமைப் பார்த்தார். "இவளுக்கு ராத்திரி ஊசி போட்டதும் சாத்திடும்மா" என்றார்.

"ஊசி போட்டுட்டு, சாத்தணும்" என்று நஜாத் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவள் விரல்கள் இன்னும் துணியின் ஓரத்தை விடவில்லை.